பெட்டகத்தில் ஒரு குடித்தனம்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்கத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. எனக்கு எதிர் வரிசையில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், பக்கத்திலிருந்தவரிடம் என்னைச் சுட்டிக்காட்டி, "இவர்தாம் கப்பல் பெட்டியில் குடித்தனம் நடத்துபவர்" என்று அறிமுகப்படுத்தினார். உடனே கேள்விகள் எழுந்தன. "செலவு மிகவும் குறைவாமே?" என்றார் ஒருவர். "மாற்றலாகிப் போனால் வீட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடலாமாமே?" என்றார் மற்றொருவர். "நாகபுரி வெயிலில் இரும்புக்குள் எப்படி ஐயா இருக்கிறீர்கள்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் மூன்றுக்கும் ஒழுங்காக விடை கூற இயலவில்லை. விரிவாக எழுதித் தருமாறு ஆசிரியர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். அதன் விளைவே இக்கட்டுரை.

நான் எழுதிப் பழகியவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியவன்; தந்தையார் மறைவுக்குப் பின் கருணை அடிப்படையில் ரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிச் சரக்கு அலுவலக எழுத்தனாக உயர்ந்தவன். அன்றாடம் நான் எழுதுவனவெல்லாம் ரயில்வே ரசீதுகளும் வாகன் எண்களுமே. ஆகவே நடையில் குறையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க. ஆனால் செய்தியில் குறை வைக்கமாட்டேன். என் பிழைகளையும் மறைக்கமாட்டேன்.

எங்கள் பூர்விகம் கோவில்பட்டிக்கு அருகில் ஒரு கரிசல் கிராமம். தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளியாக வடக்கே வந்தவர். அவர் காலத்திலிருந்தே வாடகை வீடுகளில்தான் எங்கள் வாழ்க்கை கழிந்தது. 2019-ஆம் ஆண்டு, நாகபுரியிலிருந்து வார்தா செல்லும் மார்க்கத்தில், நகருக்குச் சற்று வெளியே 1,500 சதுர அடி மனை ஒன்றைத் தவணையில் வாங்கினேன். வீடு கட்டக் கையில் பொருளில்லை. மனையில் கருவேலஞ் செடிகள் முளைத்துக் கிடந்தன. இப்படியிருக்க, 2022 ஜனவரியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகவும் மார்ச்சு மாத முடிவுக்குள் காலி செய்துவிட வேண்டுமென்றும் கூறினார். அச்சமயம் எனக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த ரயில்வே குடியிருப்போ மூன்றாம் மாடியில் இருந்தது. என் தாயாருக்கு முழங்கால் வலி. நான்கு படி ஏறினால் நான்கு நிமிடம் நிற்பார். வேறு வாடகை வீடு தேடியலைந்த அந்த நாள்களில்தான், அலுவலகச் சாளரத்தின் வழியே தினந்தோறும் நான் காணும் பொருள் ஒன்று என் கண்ணில் புதிதாகப் பட்டது.

சரக்குப் பெட்டகம் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. எங்கள் வாயில் அது கண்டெய்னர். நாவா ஷேவாவிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து ரயிலேறி வரும் இப்பெட்டகங்கள் நீலமும் சிவப்புமாக வரிசையாகக் கடந்து செல்வதைக் காணாத நாளில்லை. நாற்பது அடி நீளம், எட்டடி அகலம், எட்டரை அடி உயரம். நாற்புறமும் சுவர், மேலே கூரை, கீழே பலகைத் தரை, ஒரு கோடியில் இரட்டைக் கதவு. "இது கட்டி முடித்த வீடாயிற்றே, தூக்கி வைப்பதொன்றுதானே பாக்கி!" என்று எண்ணினேன். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லவே இவ்வளவு காகிதமும் செலவாகிறது.

பெட்டியில் குடியிருப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. இருப்புப்பாதை வேலைக்காக வெகுதூரம் செல்லும் தொழிலாளர்கள், தங்குவதற்கென்று மாற்றியமைக்கப்பட்ட பழைய ரயில் பெட்டிகளில் வாரக்கணக்கில் தங்குவார்கள். கேம்ப் கோச் என்பது அதன் பெயர். தந்தையாரும் அவ்வாறு தங்கியவரே. கோடையில் கூரைமேல் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் உறங்குவோம் என்று அவர் கூறியதைச் சிறுவயதில் கதைபோலக் கேட்டிருக்கிறேன். அப்பேச்சில் அடங்கியிருந்த பாடத்தை அன்று நான் நினைவிற் கொள்ளவில்லை.

இவ்விடத்தில் பெட்டகத்தின் வரலாற்றைச் சிறிது கூறுவது பொருந்தும். அமெரிக்காவில் லாரித் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன் என்பவர், மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றி இறக்குவதில் விரயமாகும் காலத்தைக் கண்டு, சரக்கோடு பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்தாலென்ன என்று சிந்தித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்னும் அவருடைய கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பின்னர் 1960-களின் பிற்பகுதியில் உலகெங்கும் ஒரே அளவு வகுக்கப்பட்டதால், எந்த நாட்டுப் பெட்டகமும் எந்த நாட்டுக் கப்பலிலும் ரயிலிலும் லாரியிலும் அமரலாயிற்று. வெறும் பெட்டகத்தைத் திருப்பியனுப்பக் கூலி கட்டாத துறைமுகங்களில் அவை குவியத் தொடங்கியபோது, அவற்றைக் குடியிருப்பாக்கும் யோசனையும் பிறந்தது. அமெரிக்கர் ஒருவர் இதற்கான முறைக்கு 1989-இல் காப்புரிமையே பெற்றார். 2001-இல் லண்டன் நகரின் தேம்ஸ் நதிக்கரையில் பெட்டகக் குடியிருப்பு எழுந்தது. 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் ஆழிப்பேரலை அழித்த ஒனகாவா என்னும் ஊரில், ஷிகெரு பான் என்ற கட்டடக் கலைஞர் பெட்டகங்களை மூன்றடுக்கு வரை அடுக்கி, வீடிழந்தோருக்குத் தற்காலிக இல்லங்கள் அமைத்துக் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் படித்து நான் மகிழ்ந்துபோனேன். அவை குளிர்நாட்டுச் செய்திகள் என்பதையும், நாகபுரியில் மே மாதத்து வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. என் மனைவி எண்ணிப் பார்த்தாள். "அரிசி டின்னை வெயிலில் வைத்தால் கைவைக்க முடிகிறதா? அதற்குள் அத்தையை உட்கார வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாள். "எல்லாவற்றுக்கும் வழி உண்டு" என்று நான் விடையளித்தேன். வழி இருந்தது வாஸ்தவம். அது எனக்குத் தெரியாமலிருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றே: காகிதம். ஒவ்வொரு பெட்டகத்துக்கும் ஓர் எண் உண்டு. முதலில் நான்கு எழுத்துகள், பிறகு ஆறு இலக்கங்கள், இறுதியில் ஒரு கட்டத்துக்குள் தனியே ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. எழுத்துகளுக்குரிய மதிப்பையும் இலக்கங்களையும் முறையே 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மீதி வருவதே அந்த இலக்கம். மீதி பத்தானால் சுழி. தரகர் ஒருவர் முதலில் காட்டிய பெட்டகம் புத்தம் புதிது போலிருந்தது, விலையும் மலிவு. எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து கணக்கிட்டேன். மீதி நான்கு வரவேண்டிய இடத்தில் ஏழு எழுதப்பட்டிருந்தது! வேறொரு பெட்டகத்தின் எண்ணைப் பார்த்து வண்ணம் பூசியவன் தவறு செய்திருக்கிறான் என்று ஊகித்தேன். அதை வாங்கவில்லை.

அயல்நாட்டிலிருந்து வரும் பெட்டகம், ஆறு மாதத்துக்குள் திரும்பிச் செல்லவேண்டும் என்னும் நிபந்தனையின் பேரிலேயே சுங்க வரியின்றி நாட்டுக்குள் அனுமதிக்கப்படுகிறது. இங்கேயே விற்கப்படுமாயின், வரி செலுத்தியதற்கான சான்று இருத்தல் அவசியம். இதனைக் கேட்டதும் இரண்டு தரகர்கள் தொலைபேசியை வைத்துவிட்டனர். மூன்றாமவர் சான்றைக் கொணர்ந்தார். கதவில் பொருத்தியிருக்கும் உலோகத் தகட்டையும் படித்தேன். பெட்டகம் செய்யப்பட்ட ஆண்டும், தரைப் பலகைக்கு எந்தப் பூச்சிமருந்து ஏற்றப்பட்டது என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். தரைப் பலகை ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள பிளைவுட். கடற்பயணத்தில் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஊறியது. குழந்தைகள் தவழும் வீட்டுக்கு அது ஆகாது. அதன்மீது எபாக்ஸி பூசி அடைத்து, வேறு தளம் பரப்ப வேண்டும். அல்லது பெயர்த்தெறிந்துவிட வேண்டும். நாங்கள் பூசி அடைத்தோம்.

அந்த ஆண்டு உலகெங்கும் பெட்டகங்களுக்குத் தட்டுப்பாடு. ஆகவே நாற்பதடிப் பெட்டகத்துக்கு 2,60,000 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. வீட்டுக் கடன் கேட்டபோது, நகரக்கூடிய பொருளுக்கு வீட்டுக் கடன் இல்லை என்றார்கள். சேமநல நிதியிலிருந்து எடுத்தேன்.

அடுத்து நிலம். பெட்டகத்தின் வெற்று எடை நான்கு டன்னுக்கும் சற்றுக் குறைவு. "இது லேசான பெட்டி, தரைமேல் நான்கு கான்கிரீட் பலகை போட்டு வைத்துவிடலாம்" என்றார் ஒப்பந்தக்காரர். நானும் தலையசைத்தேன். மனையைப் பார்க்கவென்று உடன் வந்திருந்த தாயார் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உதிர்த்தார். "ஏய்யா, இது நம்ம ஊர்க் கரிசல்லா! மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். மேலாப்ல வச்சா வீடு ஒரு பக்கமா உட்காந்துரும். சரளை தட்டுற வரைக்கும் தோண்டச் சொல்லு" என்றார். விதர்ப்பத்து மண்ணும் கோவில்பட்டி மண்ணும் ஒரே இனத்தவை என்பதைப் பின்னர் பொறியாளர் ஒருவரும் உறுதிப்படுத்தினார். ஐந்தரை அடி ஆழத்தில், இங்கு முரூம் என்று வழங்கும் சரளை தட்டியது. அங்கிருந்து தூண்களை எழுப்பி, தரைக்கு மேல் இரண்டடி உயரத்தில் பெட்டகத்தை அமர்த்தினோம். அதே மனைப்பிரிவில் வேறொருவர் கருவிகள் வைப்பதற்காகத் தரைமேலேயே வைத்த சிறு பெட்டகம், முதல் மழைக்காலத்திலேயே ஒரு மூலை தாழ்ந்து கதவு திறவாமற் போயிற்று. எழுதப் படிக்க அறியாத என் தாயார் எங்கள் வீட்டைக் காப்பாற்றினார் என்றே சொல்லவேண்டும்.

பெட்டகம் வந்திறங்கிய நாள் எங்கள் வீதியில் திருவிழாப் போலிருந்தது. நீண்ட டிரெய்லர் திரும்புவதற்கு அரைமணி நேரம், மேலே மின்கம்பி, கிரேனுக்கோ மணிக்கணக்கில் வாடகை. மழை பெய்துவிட்டால் அந்தக் கரிசல் வீதியில் மாட்டுவண்டி கூட நுழையாது. ஆகையால் கோடைக்கு முன்பே இறக்கிவிட வேண்டிய கட்டாயம். மார்ச்சு மாதம் இறக்கினோம்.

இனி எனது முதற் பிழை. முன்புறம் தாழ்வாரம் அமைக்கும் எண்ணத்தில், நீண்ட பக்கத்துச் சுவரில் பன்னிரண்டு அடிக்கு வாயில் வெட்டுமாறு பட்டறைக்காரரிடம் கூறினேன். அவர் காலையில் வெட்டினார். மாலையில் கோடியிலிருந்த இரட்டைக் கதவு மூட மறுத்தது. கூரை நடுவில் ஒரு விரற்கடை தொய்ந்திருந்தது. பெட்டகத்தின் வலிமை அதன் நான்கு மூலைத் தூண்களில் உள்ளது என்பது மெய்யே. அதனால்தான் கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஆனால் மடிப்பு மடிப்பாக இருக்கும் பக்கச் சுவர் வெறும் திரையன்று. அதுவும் தாங்கும் உறுப்பே. அதை வெட்டுவதாயின், வெட்டும் இடத்தைச் சுற்றி முதலில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்து, நடுவில் கீழே தாங்கு தூணும் கொடுத்து, அதன்பின்பே வெட்டவேண்டும். நாங்கள் முறையைத் தலைகீழாகச் செய்தோம். ஜாக்கி வைத்துக் கூரையைத் தூக்கிச் சரிசெய்ய ஒரு வாரமும் பணமும் விரயமாயின.

இரண்டாவது பிழையை எழுதப் பேனா தயங்குகிறது. ஆயினும் வாக்களித்துவிட்டேன்.

மார்ச்சு முடிந்தது. பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பெட்டகத்தில் தரை முடிந்திருந்தது, இரண்டு சாளரங்கள் பொருத்தியிருந்தோம், மின்சாரம் வந்திருந்தது. உட்சுவரும் மேற்கூரையும் ஆகவில்லை. "ஒரு மாதம் சமாளித்துக்கொள்ளலாம். சாமான்களை ஏற்றுங்கள்" என்றேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாதிருந்தால் என்ன பொருள் என்பது பத்தாண்டு இல்லறத்தில் எனக்குத் தெரியும். ஆயினும் தெரியாதவன் போலிருந்தேன். 2022 ஏப்ரல், மத்திய இந்தியா கண்ட மிகக் கடுமையான ஏப்ரல் மாதங்களுள் ஒன்று என்பதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு நண்பகலில் வெப்பமானி வெளியே 43 காட்டியது, உள்ளே 51. பகற்பொழுதைப் பக்கத்து வேப்பமரத்தடியில் கழித்தோம்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள். நான் அலுவலகத்தில் இருந்தேன். மகளை அழைத்துவர மனைவி பள்ளிக்குச் சென்றிருந்தாள். ஒரு மணிக்குத் திரும்பியவள், கதவு சாத்தியிருக்கக் கண்டு திறந்தாள். தாயார் தரையில் சரிந்து அமர்ந்திருந்தார், கண்கள் திறந்திருந்தன, பேச்சு குழறியது, உடல் அனலாகக் கொதித்தது. மனைவி அலறிய குரல் கேட்டு அடுத்த மனையிலிருந்த மராத்தியப் பெண்மணி ஓடிவந்தார். இருவருமாகத் தாயாரை வெளியே தூக்கிவந்து, புடவையை நனைத்துப் போர்த்தி விசிறி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்தனர். நான் சென்று சேர்ந்தபோது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். மூன்று நாள் அங்கே இருந்தோம்.

மரத்தடியில் இருந்தவர் ஏன் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார்? இரண்டாம் நாள் மனைவியிடம் அவரே கூறினார். அன்று காலை வீதியில் சென்ற இருவர் பெட்டகத்தைக் காட்டிச் சிரித்துப் பேசினார்களாம். மொழி சரியாக விளங்காவிட்டாலும் சிரிப்பு விளங்கிற்று. "மகன் வீட்டுல இருக்க முடியாம கிழவி மரத்தடியில கிடக்கான்னு ஊர் சொல்லக் கூடாதுல்லா, தாயி. அதான் உள்ள போயி இருந்தேன்" என்றாராம். இதை மனைவி என்னிடம் கூறியது அதற்கும் ஒரு மாதத்துக்குப் பின். அன்றே கூறியிருந்தால் நான் அந்தப் பெட்டகத்தை எடைக்குப் போட்டிருப்பேன்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்து மாடியறையில் எட்டு மாதம் தங்கினோம். தாயார் ஏறிய மாடிப்படி அதுவொன்றே. இருபுறமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். தம் பெயரை அச்சிடலாகாது என்று அவர் கட்டளையிட்டிருப்பதால் நன்றியை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். பெட்டகத்தின் பொறுப்பு அதன்பின் மனைவியின் கைக்கு மாறியது. நான் பணம் கொடுப்பவனாகவும் சாமான் வாங்கி வருபவனாகவும் ஆனேன். வேலையும் ஒழுங்காக நடந்தது.

அவள் முதலில் செய்தது பெட்டகத்துக்கு மேலே இன்னொரு கூரை. இரும்புக் கால்கள் நட்டு, பெட்டகத்தின் கூரைக்கு இரண்டடி உயரத்தில் வெள்ளைத் தகடு வேய்ந்து, தெற்கிலும் மேற்கிலும் ஐந்தடி நீட்டிவிட்டாள். வெயில் இப்போது பெட்டகத்தின்மேல் விழுவதில்லை. இரண்டு கூரைகளுக்கும் இடையே காற்று ஓடுகிறது. தந்தையார் சாக்கு நனைத்துப் போட்டதும் இதே நோக்கத்தில்தானே! அடுத்து, உட்சுவரிலும் மேலேயும் சட்டம் அடித்து, கல்லிழைப் பஞ்சு வைத்து, பலகை அறைந்தார்கள். வெறும் இரும்பு எங்கும் கைக்குத் தட்டுப்படக் கூடாது என்பது அவள் உத்தரவு. இதன் பயன் கோடையில் மட்டுமன்று. குளிர்காலத்து இரவில் சோறு வடிக்கும் ஆவி வெறும் இரும்பில் பட்டால் நீராக வழியும், துணிமணியில் பூஞ்சை பிடிக்கும், இரும்பும் துருவேறும். சாளரங்களை எதிரெதிரே வைத்து, மேலே வெப்பக்காற்று வெளியேறத் துளைகளும் விட்டோம். கோடையில் நாகபுரி வழக்கப்படி சாளரத்தில் கூலரும் ஓடும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். இது இரும்பு வீடு. ஒரு கம்பியின் உறை பிய்ந்தால் சுவரெல்லாம் மின்சாரம் பாயும். ஆகையால் பெட்டகம் முழுவதற்கும் எர்த் கொடுத்தல் வேண்டும். கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துதல் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

உட்புற அகலம் முதலில் ஏழடி எட்டங்குலம் இருந்தது. பஞ்சும் பலகையும் போக ஏழடி இரண்டங்குலம். கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க வழியில்லை, நெடுக்கே போட்டோம். ஒரு கோடியில் தாயாரின் அறை, மறுகோடியில் எங்கள் அறை, நடுவில் சமையலும் கூடமும், ஓரத்தில் குளியலறை. தாழ்ந்த கூரையாதலால் மின்விசிறியைத் தொங்கவிட இயலவில்லை. கை தூக்கினால் இறக்கை படும். சுவரில் மாட்டும் விசிறிதான். ஒன்பதரை அடி உயரமுள்ள பெட்டகங்களும் உண்டு. புதிதாக வாங்குவோர் அதையே வாங்குக.

2022 டிசம்பரில் இரண்டாம் முறையாகப் பால் காய்ச்சினோம். தாயார் ஒன்றே கேட்டார்: தாழ்வாரத்தில் செங்கல்லால் ஒரு திண்ணை. கட்டிக் கொடுத்தோம். காலையில் அதன்முன் சிமிட்டித் தரையில் கோலமிட்டுவிட்டு அங்கேயே அமர்கிறார். அன்று தூக்கிவந்த மராத்தியப் பெண்மணி மாலையில் வருகிறார். ஒருவர் தமிழும் மற்றவர் மராத்தியும் பேச, இருவரும் மணிக்கணக்கில் உரையாடுகின்றனர். மகளைப் பள்ளியில் சில காலம் "டப்பா வீட்டுக்காரி" என்று கேலி செய்தனர். இங்கே டப்பா என்றால் தகரப் பெட்டியும் அதுவே, ரயில் பெட்டியும் அதுவே, பகலுணவுப் பாத்திரமும் அதுவே. "எங்கள் தாத்தாவும் டப்பாவில்தான் இருந்தார், ரயில்வேக்காரர்" என்று அவள் பதில் சொன்னதாகக் கேள்வி. கேலி நின்றது.

இனி, பந்தியில் எழுந்த கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் செலவு. மனையின் விலை நீங்கலாக என் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி: பெட்டகம் 2,60,000, டிரெய்லரும் கிரேனும் 45,000, தூண்கள் 60,000, வெட்டல், வெல்டிங், மேற்கூரை 1,90,000, பஞ்சு, பலகை, தரை 1,40,000, மின்சாரம், தண்ணீர், கழிவுத் தொட்டி 1,55,000. ஆகமொத்தம் 8,50,000 ரூபாய். பெட்டகத்தின் விலை இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைக் கவனிக்க. கிடைத்த இடமோ ஏறத்தாழ 300 சதுர அடி. அதே இடத்தைச் செங்கல்லால் கட்டியிருந்தால் இதைவிட அதிகம் ஆகியிராது என்று மேஸ்திரி ஒருவர் கூறினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரியே. ஆகவே மலிவு என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். விரைவு என்பது உண்டு. அந்த விரைவே என் தாயாரை மருத்துவமனைக்கு அனுப்பியது.

அடுத்து, தூக்கிக்கொண்டு போகலாமா என்ற கேள்வி. தூக்கலாம், மூலைக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் எங்கே வைப்பது? சொந்த மண் இல்லாதவனுக்குத் தூக்கக்கூடிய வீட்டால் யாதொரு பயனுமில்லை. அன்றியும், "இது வெறும் பெட்டிதானே, அனுமதி எதற்கு?" என்று கூறும் தரகர்கள் பலர். குடியிருந்தால் அது கட்டடமே. விவசாய நிலமாயின் முறைப்படி உபயோக மாற்றம் பெறவேண்டும். உள்ளூர் அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். நம்மைப் போல் வேற்றூரில் பிழைப்போர் இவ்விஷயத்தில் ஒரு காகிதமும் குறைய வைத்துக்கொள்ளலாகாது. மேற்கூரையும் தாழ்வாரமும் திண்ணையும் மனைவி நட்ட முருங்கையும் வந்தபின், இதைத் தூக்கும் எண்ணம் எங்களுக்கும் இல்லை.

வெயிலைப் பற்றிக் கேட்ட அம்மையாருக்கு: சென்ற மே மாதத்துப் பிற்பகல்களில் என் தாயார் உள்ளறையில் கூலர் காற்றில் உறங்கினார். கதவு திறந்தே இருந்தது.

மீண்டும் செய்வதாயின் செய்வேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். செய்வேன். ஆனால் பெட்டகத்தைத் தை மாதத்தில் இறக்குவேன். குடித்தனத்தைக் கார்த்திகையில் தொடங்குவேன். இடைப்பட்ட பத்து மாதமும் வாடகை கொடுத்துக்கொண்டு வேறிடத்தில் இருப்பேன். மண்ணைப் பற்றித் தாயாரிடமும் வெயிலைப் பற்றி மனைவியிடமும் முதலிலேயே கேட்பேன். எண்ணை மட்டும் நான் சரிபார்ப்பேன்.

அந்த எண்ணை நாங்கள் அழிக்கவில்லை. நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கோடிக் கதவில் அப்படியே இருக்கின்றன. தபால்காரர் இப்போது அதைக் கண்டே கடிதம் கொடுக்கிறார். அன்பர்களுள் எவரேனும் இத்தகைய முயற்சியில் இறங்கக் கருதினால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்துக்கு வருக. நண்பகலில் வாருங்கள், அப்போதுதான் பார்க்கவேண்டியதைப் பார்க்க இயலும். காப்பி தயாராக இருக்கும். திண்ணையில் இடமும் இருக்கும்.